சார்ஜ் ஏறும் முன் நடக்கும் பேச்சு

திருவனந்தபுரத்திலிருந்து களியக்காவிளை வழியாக மின்சாரக் காரில் கன்னியாகுமரி வருபவர், நாகர்கோவிலில் வேக சார்ஜரைக் கண்டால் அதன் கன் (காரில் செருகும் கேபிள் முனை) தன் வண்டிக்குப் பொருந்துமா என்று இப்போது பெரும்பாலும் யோசிப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அப்படி இல்லை.

2017இல் இந்தியாவில் வந்த பாரத் டிசி-001 என்ற சார்ஜர் தரம், சீனாவின் ஜிபி/டி என்ற கன்னைக் கொண்டது. 15 கிலோவாட் வரைதான். அன்றைய 72 வோல்ட் கார்களுக்கு அது போதும். 300 வோல்ட்டைத் தாண்டிய பேட்டரிகள் வந்ததும் அது உதவவில்லை. ஜப்பானின் சாடெமோ தரமோ, வேக சார்ஜுக்கு மட்டுமே. வீட்டு சார்ஜுக்குக் காரில் இன்னொரு வாய் வேண்டும். ஐரோப்பாவின் சிசிஎஸ்-2 தரம் இங்கேதான் வென்றது. அங்கே வீட்டு சார்ஜுக்குப் பயன்படும் டைப்-2 பிளக்குக்குக் கீழே இரண்டு தடித்த டிசி முனைகளைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். வீட்டு மின்சாரமான ஏசிக்கும், வேக சார்ஜர் பேட்டரிக்கு நேராகக் கொடுக்கும் டிசிக்கும் ஒரே வாய். அழகான தீர்வு.

டைப்-2 பிளக்கின் ஏழு முனைகளில் ஐந்து மின்சாரத்துக்கும் எர்த்துக்கும். எனக்குப் பிடித்தவை மெலிந்த மற்ற இரண்டும்தான். ஒன்று, கேபிள் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று சொல்கிறது. இன்னொன்றில்தான் பேச்சு. சார்ஜர் அதில் 12 வோல்ட் வைத்துக் காத்திருக்கும். கன்னைச் செருகியதும் காருக்குள் இருக்கும் மின்தடை அதை 9 வோல்ட்டாக இறக்கும். வண்டி வந்துவிட்டது என்று சார்ஜருக்குப் புரியும். அப்புறம் சார்ஜர் நொடிக்கு 1000 துடிப்புகள் அனுப்பும். துடிப்பின் அகலமே செய்தி: ஒவ்வொரு சுற்றின் நேரத்திலும் அது சுமார் 27 சதவீதம் என்றால் 16 ஆம்பியர் வரை எடுக்கலாம். கார் தயாரானதும் 6 வோல்ட்டுக்கு இறக்கும். அதற்குப் பிறகே சார்ஜருக்குள் சுவிட்ச் மூடி மின்சாரம் பாயும். அதுவரை கன்னின் பெரிய முனைகளில் மின்சாரமே இல்லை. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் இது சின்ன விஷயமல்ல.

டிசி வேக சார்ஜ் என்றால் துடிப்பு 5 சதவீதமாகச் சுருங்கும். இனி டிஜிட்டலாகப் பேசுவோம் என்று அதற்கு அர்த்தம். அதே கம்பி வழியாக எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று கார் கேட்கும். சார்ஜர் தன் வரம்புக்குள் கொடுக்கும்.

ஸ்கூட்டர்களுக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை. மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏத்தர் நிறுவனம் உருவாக்கிய, ஏசியும் டிசியும் சேர்ந்த சிறிய கன்னை 2023இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 17017-2-6 என்ற தரமாக ஏற்றது. ஹீரோ நிறுவனத்தின் மின்சார ஸ்கூட்டரான விடாவும் அதையே எடுத்துக்கொண்டது. ஆனால் சில நிறுவனங்கள் எடுக்கவில்லை. தக்கலை, மார்த்தாண்டம் கடைத்தெருக்களில் ஓடுவது கார்களைவிட இருசக்கர வண்டிகள்தான். எல்லோரும் ஒரே கன்னுக்கு வரும்வரை, பக்கத்திலேயே வேக சார்ஜர் இருந்தாலும் வேறு நிறுவன ஸ்கூட்டர்காரர் வீட்டுக்குப் போய் மூன்று முனை பிளக்கில் மணிக்கணக்காகத்தான் சார்ஜ் போட வேண்டும்.