படகின் அடியைப் பிடித்துக்கொள்ளும் உயிர்கள்

பாய் நிறையக் காற்று இருந்தும் படகு தவழ்ந்துகொண்டே போகிறது என்றால் மேலே பார்த்துப் பயனில்லை, அடிப்பகுதியைத்தான் பார்க்க வேண்டும். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து சிறு பாய்மரப் படகு வைத்திருந்தால், சனிக்கிழமை கடலுக்குப் போவதும் ஞாயிற்றுக்கிழமை படகைக் கரையேற்றிச் சுரண்டுவதும் வழக்கமாகிவிடுவது இதனால்தான். மெதுவாகப் போகும் படகுக்கு நீர் தரும் தடையில் பெரும்பங்கு உராய்வு. அடி சொரசொரப்பானால் அது இன்னும் கூடும். எஞ்சின் படகுக்காரர் டீசலைக் கூட்டிச் சமாளித்துவிடுவார். பாய்மரத்துக்கு அந்த வழி கிடையாது.

சுத்தமான அடிப்பகுதி கடலில் இறங்கிய சில நிமிடங்களிலேயே, நீரில் கரைந்திருக்கும் புரதமும் சர்க்கரைப் பொருள்களும் அதன்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. அடுத்த சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் வந்து சேரும், பின்னாலேயே டயாட்டம் என்னும் ஒருசெல் பாசிகள். தொட்டால் வழுவழுவென்று இருக்கும் இந்தக் கட்டத்தில் ஸ்பாஞ்சால் துடைத்தாலே போதும். விட்டுவைத்தால் கொட்டலசு (பார்னக்கிள்) என்னும் ஓடுள்ள சிறு உயிர் வரும்.

கொட்டலசைப் பார்த்தால் சிப்பி இனம் என்றே தோன்றும். உண்மையில் அது இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகளை இந்த உயிரினத்தை ஆராய்வதற்கே கொடுத்தார். கொடுக்கத் தகுந்ததுதான். முட்டையிலிருந்து வரும் குஞ்சு கடலில் மிதந்து, தின்று வளர்ந்து, கடைசியில் சிப்ரிட் என்ற பருவத்தை அடைகிறது. ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். இந்தப் பருவத்தில் அது எதையும் உண்பதில்லை. உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பு தீர்வதற்குள் இடம் பிடித்தாக வேண்டும். தலையிலுள்ள இரண்டு உணர்கொம்புகளையே கால்களாக வைத்துக்கொண்டு பரப்பின்மேல் நடந்து நடந்து பார்க்கும். அடி வைத்த இடத்திலெல்லாம் கொஞ்சம் புரதம் ஒட்டி நிற்கும். அந்தத் தடம் மற்ற குஞ்சுகளையும் அங்கே இழுக்கிறது. ஒருமுறை ஒட்டிவிட்டால் பிறகு நகர முடியாதே, இணைசேர அக்கம்பக்கத்தில் துணை வேண்டும் அல்லவா? படகில் ஓரிரண்டு தென்பட்டால் சீக்கிரமே கூட்டம் கூடிவிடுவதற்கு இதுவே காரணம்.

இடம் பிடித்துவிட்டால் தலையைக் கீழே ஊன்றி, பசை சுரந்து ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுண்ணாம்பு ஓடு கட்டுகிறது. இறகு போன்ற கால்களை வெளியே நீட்டி நீட்டி இரையை வாரிக்கொள்ளும். சுரண்டியால் தட்டினால் ஓடு உடைந்து விழும், ஆனால் வெள்ளை வட்டம் ஒன்று படகிலேயே நிற்கும். அது அதன் அடித்தட்டு. அதையும் தேய்த்து எடுத்த பிறகுதான் புது பெயிண்ட் ஒழுங்காகப் பிடிக்கும். தோள் வலிக்கும் வேலை. ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டால்தான் பொழுது சாய்வதற்குள் முடியும்.

இவற்றை அண்டவிடாமல் வைக்கச் செம்புதான் நெடுநாளைய மருந்து. 1761இல் பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்துப் பார்த்தது. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவும் வரவில்லை, பாசியும் பிடிக்கவில்லை. ஆனால் தகட்டோடு ஒட்டியிருந்த இரும்பு ஆணிகள் இரண்டே ஆண்டுகளில் அரித்துப்போயின. உப்புநீரில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு பேட்டரி உருவாகிவிடும். எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம் கரையும், மற்றது தப்பிக்கும். இங்கே கரைந்தது இரும்பு.

1824இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி இந்தக் கேட்டையே காவலாக மாற்றப் பார்த்தார். செம்புத் தகடும் கடலில் மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. அதோடு சிறு இரும்புத் துண்டையோ துத்தநாகத் துண்டையோ இணைத்தால், அந்தத் துண்டு கரைந்து செம்பைக் காப்பாற்றும் என்றார். அவர் சொன்னபடியே செம்பு அரிக்காமல் நின்றது. ஆனால் சோதனைக் கப்பல்களின் அடியில் பாசியும் கொட்டலசும் மண்டிவிட்டன! தகட்டிலிருந்து கரைந்து வரும் செம்பு அயனிகள்தான் குஞ்சுகளுக்கு நஞ்சு. கரைவது நின்றதும் செம்பும் அவற்றுக்கு வெறும் சுவராகிவிட்டது. அறிவியல் வரலாற்றில் இவ்வளவு தெளிவான தோல்வியை நான் அதிகம் படித்ததில்லை. செம்பு எப்படி வேலை செய்கிறது என்பது அதிலேயே முழுதாகத் தெரிந்துவிடுகிறது.

இன்றைய பெயிண்டிலும் பெரும்பாலும் செம்பு ஆக்சைடுதான் இருக்கிறது. படகு ஓட ஓட மேற்பரப்பு தேய்ந்து, உள்ளிருக்கும் செம்பு சிறிது சிறிதாக வெளிவரும். நடுவில் 1960கள் முதல் டிரைபியூட்டைல் டின் என்ற சேர்மம் பரவியது. கொட்டலசை அது அறவே ஒழித்தது. கூடவே கடல் நத்தைகளில் பெண்ணுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. ஒரு லிட்டர் நீரில் ஒரு நானோகிராம் அளவே இதற்குப் போதும். பிரான்சின் ஆர்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு நொடிந்தது. 25 மீட்டருக்குக் குறைவான படகுகளில் அதைப் பூசுவதை 1982இல் அந்நாடு தடைசெய்தது. உலகளாவிய தடை 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஒதுக்கமான விரிகுடாக்களில் நெருக்கியடித்து நின்ற உல்லாசப் படகுகளுக்கும் அந்தக் கேட்டில் பங்கு உண்டு என்பதைப் படகு வைத்திருப்பவர்கள் மறக்கக் கூடாது.

நம் கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லை வந்ததே இல்லை. மீன்பிடித்துத் திரும்பியதும் மணலில் ஏற்றி, மரங்களைக் காயவைத்துவிடுவார்கள். நீரில் கிடந்தால்தானே கொட்டலசு வளரும்? கையால் தூக்கக்கூடிய சிறு பாய்ப்படகு என்றால் நானும் அதையே சொல்வேன். கரையில் வையுங்கள், நஞ்சே வேண்டாம்.

நீரிலேயே நிற்கும் படகுக்குப் பெரும்பாலும் செம்பு பெயிண்ட்தான் வழி. பழைய பூச்சை உலர்வாகத் தேய்த்தால் நஞ்சுத் தூசி நுரையீரலுக்குள் போகும். நீர்த்தாளை (ஈரத்திலும் தேய்க்கக்கூடிய உப்புத்தாள்) நனைத்துத் தேய்க்க வேண்டும், முகமூடி கட்டாயம். கழுவிய நீரும் கடலுக்குப் போகக் கூடாது. அலுமினியப் படகுக்குச் செம்பு பெயிண்ட் ஆகாது. ‘அலார்ம்’ கப்பலின் ஆணிக்கு நேர்ந்தது அலுமினியத்துக்கும் நேரும். புரொப்பல்லர் தண்டில் மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டி டேவியின் யோசனையேதான். இங்கே காக்க வேண்டியது புரொப்பல்லரின் வெண்கலத்தை, அது கரைந்து நஞ்சு விடத் தேவையில்லை என்பதால் யோசனை சரியாக வேலை செய்கிறது. துத்தநாகக் கட்டியின்மேல் பெயிண்ட் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பூச்சு மூடினால் அது கரையாது, காக்கவும் செய்யாது. பாதி கரைந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையே மாற்றிவிடுங்கள்.