தானாக முளைத்த கொடியில் ஒரு சுரைக்காய்

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பார்கள். வீட்டுத்தோட்ட ஆலோசனைக்குப் போகும் என் தொழிலில் அது பாதி நாள் பலிப்பதில்லை. தொட்டியில் எட்டிப் பார்க்கும் முளையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சார், இது என்ன செடி? நான் எதுவும் போடலையே" என்று கேட்பார்கள். தடித்த இரண்டு விதையிலைகளோடு இருக்கும்போது பூசணி, சுரை, பீர்க்கன், வெள்ளரி எல்லாம் ஏறக்குறைய ஒரே முகம்தான். "இன்னும் நாலு இலை விடட்டும், அப்புறம் அனுப்புங்கள்" என்பேன்.

பிடுங்கச் சொல்வதில்லை. காய்கறிக் கழிவு உரத்திலிருந்து வரும் தக்காளி, நாம் பார்த்துப் பார்த்து நட்டதைவிடத் திடமாக நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். வீரிய ஒட்டு ரகத்தின் விதையாக இருந்தால் தாயைப் போலவே காய்க்காது, அவ்வளவுதான். பப்பாளி மட்டும் பொறுமையைச் சோதிக்கும். மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றிய பிறகு, நீளக் காம்பில் பூங்கொத்து தொங்கினால் அது ஆண்மரம்.

போன வருடம் ஒரு வீட்டுக் கொல்லையில், குப்பைக்குழி ஓரம் முளைத்த கொடி கிணற்றடிப் பந்தல்வரை ஏறியிருந்தது. சாயங்காலம் வெள்ளைப்பூ விரிந்திருந்தது, இலையைத் தொட்டால் பட்டுபோல் மெத்தென்றிருந்தது. சுரைதான். மூன்று காய்கள். அந்த வீட்டு அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "விதை போடாமலே வந்திருக்கு தம்பி. நாளைக்கு ஜூஸ் போட்டு அவருக்குக் கொடுக்கணும், சர்க்கரைக்கு நல்லதாமே" என்றார்.

ஒரு காயை அறுத்து, மிளகளவு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். வேப்பங்கொழுந்து தோற்றுப்போகும். உடனே துப்பி வாய் கொப்பளித்தேன். அந்த அம்மாவோ, "கசந்தா மருந்துதானே?" என்றார்.

இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பாகற்காய்க்குக் கசப்பு இயல்பு, சுரைக்கு அது எச்சரிக்கை. சுரை, வெள்ளரி, பீர்க்கன் குடும்பத்தில் குக்கர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சு உண்டு. நாம் வாங்கும் ரகங்களில் அது மிகக் குறைவு. கசப்புச் சுரையின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்த்தால், காயில் வித்தியாசம் தெரியாது. அதன் விதையில் முளைக்கும் கொடியில்தான் குணம் வெளிப்படும். பார்வைக்கு அதே பச்சை, அதே வடிவம். வேகவைத்தாலும் கசப்பு போகாது. சாறாகப் பிழிந்தால் முழுக் காயின் நஞ்சும் ஒரே டம்ளரில் இறங்கிவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த வாந்தி, ரத்த அழுத்தம் சரிவது என்று போய், உயிரிழந்தவர்களும் உண்டு. கசக்கும் சுரைச்சாற்றைக் குடிக்கவே கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) அமைத்த வல்லுநர் குழு சொல்லியிருக்கிறது. அந்த அறிக்கை 2012-இல் வெளியானது. குடித்துவிட்டு வயிற்றைப் பிரட்டினால் கைவைத்தியம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. இதற்கென்று மாற்றுமருந்து கிடையாது.

காத்திருக்கவே கூடாத செடிகளும் உண்டு. காரட் இலைபோல் தரையோடு படர்ந்து வருவது பார்த்தீனியம் என்ற, ஒவ்வாமை தரும் களையாக இருக்கலாம். பூக்கும் முன்பே கையுறை போட்டுப் பிடுங்குங்கள். சன்ஷேடில் காக்கை விதைத்த அரசங்கன்றை நுனி கிள்ளிப் பயனில்லை, சுண்டுவிரல் உயரத்திலேயே வேரோடு எடுக்க வேண்டும். பாவம் பார்த்துத் தள்ளிப்போட்டால் பிறகு கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும்.

"அப்போ இதை அறுத்து எறிஞ்சிடவா?" என்று கொடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார் அந்த அம்மா. மனசு வரவில்லை அவருக்கு. "மற்ற இரண்டையும் பந்தலிலேயே முற்றிக் காயவிடுங்கள், குடுக்கை செய்து அழகுக்கு மாட்டலாம். விதையை மட்டும் குப்பைக்குழியில் கொட்டிவிடாதீர்கள்" என்றேன்.