இயக்கி: கணினிக்குள் இருக்கும் டிரைவர்

விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டதும் கணினி ஓடத்தான் செய்யும். ஆனால் சில சமயம் பாட்டுச் சத்தம் வராது, வைஃபை தெரியாது, திரையில் எழுத்தெல்லாம் தடித்து நிற்கும். பழுதுபார்க்கும் கடையில் கேட்டால், "இன்னும் டிரைவர் போடலை" என்பார்கள். அந்த டிரைவருக்குத் தமிழில் இயக்கி என்று பெயர். வெறுமனே இயக்கி என்றால் குழப்பம் வரக்கூடிய இடத்தில் சாதன இயக்கி, வன்பொருள் இயக்கி என்று விரித்து எழுதலாம்.

இயக்கி என்பது ஒரு மென்பொருள். 'இந்தப் பக்கத்தை அச்சிடு' என்று விண்டோஸ் போன்ற இயங்குதளம் பொதுவாகத்தான் சொல்லும். அச்சுப்பொறிகளோ நிறுவனத்துக்கு நிறுவனம், சில நேரம் மாடலுக்கு மாடல், வேறு வேறு கட்டளைகளைக் கேட்டுப் பழகியவை. அந்தப் பொதுப்பேச்சை நம் மேசையில் இருக்கும் அச்சுப்பொறிக்குப் புரியும்படி மாற்றிச் சொல்வதும், 'தாள் தீர்ந்துவிட்டது' என்ற பதிலை வாங்கிவந்து சேர்ப்பதும் இயக்கியின் வேலை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் காலத்தில் ஆனந்தரங்கப் பிள்ளை பார்த்த துபாஷி உத்தியோகம் நினைவுக்கு வருகிறது. இரண்டு பக்கத்து மொழியும் தெரிந்தவர் நடுவில் நின்றால்தான் காரியம் நடக்கும்.

அப்படியென்றால் ஆங்கிலத்தில் ஏன் மொழிபெயர்ப்பாளர் என்று சொல்லாமல் டிரைவர் என்றார்கள்? டிரைவ் என்ற வினைக்குப் பழைய ஆங்கிலத்தில் ஆடுமாடுகளை முன்னே விரட்டி ஓட்டுவது என்று பொருள். பிறகு வண்டி ஓட்டுவது, இயந்திரத்தை உந்தி ஓட வைப்பது என்று அது விரிந்தது. மின்னணுவியலில் ஒரு ரிலேயையோ மோட்டாரையோ வேலை செய்ய வைக்கும் சுற்றுக்கும் டிரைவர் என்றே பெயர். கணினியின் டிரைவர் பொருளால் இதற்குத்தான் சொந்தம், கார் ஓட்டுபவருக்கு அல்ல. 1983இல் வந்த எம்எஸ்-டாஸ் 2.0இல், கான்ஃபிக்.சிஸ் என்ற கோப்பில் ஒரு வரி எழுதி, வேண்டிய டிரைவரை நாமே சேர்த்துக்கொள்ளும் வசதி வந்தது. 1995இல் விண்டோஸ் 95 வந்தபிறகு, செருகிய கருவியைக் கணினியே அடையாளம் கண்டு உரிய டிரைவரைத் தேடத் தொடங்கியது.

தமிழில் வண்டி ஓட்டுபவருக்குச் சொற்கள் நிறைய உண்டு. தமிழ்நாட்டில் ஓட்டுநர், இலங்கையில் சாரதி. சங்க காலத்தில் வலவன். 'வலவன் ஏவா வான ஊர்தி' என்று புறநானூற்றின் 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடுகிறார். ஓட்டுபவன் இல்லாமல் வானில் செல்லும் ஊர்தி! ஆனால் இந்த மூன்று சொற்களும் மனிதரைக் குறிப்பவை. ஓட்டுநரின் கடைசியில் உள்ள 'நர்' ஆளைத்தான் காட்டும். இடுக்கி, வடிகட்டி, உலவி என்று கருவிப் பெயர்களுக்கு வரும் 'இ' விகுதி இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. இயங்கு என்றால் தானாக நகர்வது, இயக்கு என்றால் பிறிதை நகர வைப்பது. அப்படி நகர வைப்பது இயக்கி. இயங்குதளமும் இதே வேரில் பிறந்த சொல் என்பதால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நன்றாகவே நிற்கின்றன. ஆங்கிலத்தைவிடத் தமிழில் இந்த உறவு தெளிவாகத் தெரிகிறது என்பது என் எண்ணம்.

குமரி, நெல்லைப் பக்கத்தில் இயக்கி என்றால் இசக்கியம்மன் நினைவுக்கு வரும். அது யட்சி என்பதிலிருந்து வந்த வேறொரு சொல். சிலப்பதிகாரத்தில் ஆயர்குலப் பெண் மாதரி பூங்கண் இயக்கிக்குப் பால்மடை கொடுத்துத் திரும்பும் வழியில்தான் கண்ணகி அவளிடம் அடைக்கலமாகிறாள். எழுத்து ஒன்றாக இருந்தாலும் வேர் வேறு. அப்புறம், டிரைவையும் டிரைவரையும் கலக்கக் கூடாது. டிரைவ் என்பது வட்டு இருக்கும் இடம், தமிழில் இயக்ககம்.

இயக்கியோடு சேர்ந்து வரும் இன்னொரு சொல் அப்டேட். அதற்கு இற்றைப்படுத்தல் என்று எழுதுவது எனக்கு மிகவும் பிடிக்கும். இற்றை என்றால் இன்றைய. 'இற்றைத் திங்கள்' என்று பாரி மகளிர் அழுதார்களே, அதே சொல். பழைய இயக்கியை இன்றைய நிலைக்குக் கொண்டுவருவதை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்.

சரி, இற்றைப்படுத்திய இயக்கியை எங்கே தேடுவது? முதலில் விண்டோஸ் அப்டேட்டில் விருப்ப இற்றைகள் பகுதியைப் பாருங்கள். மடிக்கணினி என்றால் அடுத்தது தயாரித்த நிறுவனத்தின் தளம், உங்கள் மாடல் எண்ணுக்கு உரிய பக்கம். கிராஃபிக்ஸ் கார்டுக்கு மட்டும் என்விடியா, ஏஎம்டி, இன்டெல் தளங்களுக்கு நேராகவே போகலாம். லினக்ஸில் பெரும்பாலான இயக்கிகள் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் கெர்னல் புதிதானால் அவையும் புதிதாகிவிடும்.

கருவி எதுவென்றே தெரியாமல், கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் மட்டும் நின்றால்? அதன் பிராப்பர்டீஸில் டீட்டெயில்ஸ் பக்கத்தில் ஹார்ட்வேர் ஐடி இருக்கும். அதில் தயாரிப்பாளர் எண் 8086 என்றிருந்தால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி. 8086 என்பது இன்டெல் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் எண்ணும்கூட. அந்த எண்ணையும், பக்கத்தில் இருக்கும் கருவி எண்ணையும் சேர்த்துத் தேடினால் கருவியின் பெயர் கிடைத்துவிடும்.

வைஃபை இயக்கியே இல்லை, இறக்க இணையமும் இல்லை என்றால் கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் டெதரிங் வசதியைப் போடுங்கள். பெரும்பாலும் அதற்குத் தனி இயக்கி தேவைப்படாது.

'உங்கள் டிரைவர்கள் எல்லாம் பழசு' என்று பயமுறுத்தும் விளம்பர மென்பொருள்களை மட்டும் தயவுசெய்து நிறுவாதீர்கள். பல இயக்கிகள் கெர்னலுக்குள் உட்கார்ந்து ஓடுபவை. மற்ற மென்பொருள் செத்தால் அது மட்டும்தான் மூடும், இவை செத்தால் கணினியே நீலத்திரை காட்டிவிடும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்றைப் படித்து அதன் கெர்னல் இயக்கி விழுந்ததில், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றுபோயின. விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். அதனால், எல்லாம் நன்றாக ஓடும்போது இயக்கியை மாற்ற அவசரம் வேண்டாம். பாதுகாப்புத் திருத்தம் வந்திருந்தாலோ, கருவி தகராறு செய்தாலோ மாற்றுங்கள். மாற்றியபின் தொல்லை வந்தால் அதே டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பொத்தான் இருக்கும், முந்தைய இயக்கி திரும்ப வந்துவிடும்.