மேலே சமதளம், அடியில் மேடு பள்ளம்: போர் போடும் முன் ஒரு வார்த்தை

மதுரையிலிருந்து மேலூர் போகும் வழியில் ஒத்தக்கடை யானைமலையைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் வயல், நடுவில் ஒரே பாறையாக ஒரு மலை. அது தரையிலிருந்து கிளம்பி வந்த மலை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சுற்றியிருந்த நிலம்தான் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்து இறங்கியிருக்கிறது. வெடிப்பு குறைந்த பாறை என்பதால் யானைமலை தப்பியது. திண்டுக்கல் மலைக்கோட்டை, திருச்சி உச்சிப்பிள்ளையார் மலைக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். இப்படித் தேய்ந்து தட்டையான நிலத்துக்கு பெனிப்ளேன் என்று 1889-இல் பெயர் வைத்தவர் டேவிஸ் என்ற அமெரிக்கர். மலையடிவாரம் பின்வாங்கிப் பின்வாங்கித்தான் நிலம் தட்டையாகிறது என்று லெஸ்டர் கிங் என்ற நிலவியல் அறிஞர் பிறகு மறுத்தார். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.

நிலத்தடி நீர் பார்க்கும் வேலையில் இருப்பதால் எனக்கு முக்கியம் வேறொன்று. மழைநீர் வெடிப்புகள் வழியே இறங்கி, பாறையில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தைக் களிமண்ணாக்கிவிடும், குவார்ட்ஸ் என்ற கனிமம் மட்டும் மணலாக மிஞ்சும். அதாவது பாறை முதலில் இருந்த இடத்திலேயே மக்குகிறது, மேலே உள்ளதை ஓடும் தண்ணீர் அப்புறம்தான் வாரிக்கொண்டு போகிறது. வெடிப்பு நிறைய உள்ள இடத்தில் ஆழமாக மக்கும், இல்லாத இடத்தில் மேலோட்டமாக. அதனால் மேலே பார்த்தால் மேசை மாதிரி இருக்கும் நிலத்தில், ஒரு மூலையில் பத்தடியிலேயே கெட்டிப்பாறை தட்டும், நூறடி தள்ளிப் போனால் அறுபது அடி வரை மக்கல், அதாவது மக்கிய பாறை, இறங்கியிருக்கும். நம் கடும்பாறைப் பகுதிகளில் தண்ணீர் தங்குவது இந்த மக்கலிலும் அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான்.

இதைத் தெரிந்துகொள்ளாமல், நிலம் ஒரே மட்டம்தானே என்று மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில், வண்டி திரும்ப வசதியான இடத்தில் போர் போட்டு ஆயிரம் அடி வரை புழுதியைப் பார்த்தவர்கள் நிறைய. அவர்களில் பலருடைய தோட்டத்திலேயே வற்றிய பழைய கிணறு ஒன்று கிடக்கும், அதற்குள் எட்டிப் பார்த்திருந்தாலே மண் எங்கே முடிகிறது, மக்கல் எங்கே, கெட்டிப்பாறை எங்கே என்று சுவரிலேயே தெரிந்திருக்கும். பக்கத்துத் தோட்டக்காரரிடம் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள், மேல்பகுதி சரியாமல் இருக்கப் போடும் கேசிங் பைப்பை எத்தனை அடி இறக்கினீர்கள் என்றும் கேளுங்கள். கேசிங் நின்ற ஆழம்தான் ஏறக்குறைய மக்கல் முடியும் ஆழம். வசதி இருந்தால், தரைக்குள் மின்சாரம் செலுத்தி அடியில் இருப்பதைக் கணிக்கும் மின்தடை ஆய்வு செய்துகொள்ளலாம்.

கேசிங் பைப்பில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கெட்டிப்பாறையில் உட்காராமல் பாதியில் நின்றால் மக்கல் சரிந்து உள்ளே விழும், மோட்டாரும் அதோடு மாட்டிக்கொள்ளும்.