வால்வு ஆம்ப் வாங்கும் முன் அதன் முதுகைப் படியுங்கள்

கோயம்புத்தூரில் ஆம்ப்ளிஃபையர் சர்வீஸ் பார்ப்பது என் தொழில். திருவிழா மைக் செட், சர்ச் மிக்ஸர், கல்யாண மண்டப ஸ்பீக்கர் என்று எல்லாம் மேசைக்கு வரும். இப்போது எலெக்ட்ரிக் கிட்டார் வால்வு ஆம்ப்களும், அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் டியூப் என்கிற கண்ணாடிக் குமிழ் வால்வு போட்ட ஆம்ப்களும், வருகின்றன. கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள், ஞாயிறு ஆராதனையில் வாசிக்கிறவர்கள், வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் ஆசையாக ஒன்று வாங்கியவர்கள். திறந்து பார்த்தால் பல சமயம் ஆம்ப் மேல் தப்பே இருக்காது. நம் ஊர் கரண்டுக்குப் பொருந்தாததை வாங்கியிருப்பார்கள். அல்லது நல்ல ஆம்பை எர்த் இல்லாத பிளக்கில் சொருகியிருப்பார்கள். யூடியூபில் சத்தத்தைக் கேட்டு ஆம்ப் தேர்ந்தெடுக்கிறோம். அந்த வீடியோவை எடுத்தவர் வீட்டுக் கரண்ட் வேறு, நம் வீட்டுக் கரண்ட் வேறு. குறைந்த விலையில் வாங்குகிறவர்களுக்குத்தான் இது அதிகம் உறைக்கும். ஒருமுறை டிரான்ஸ்ஃபார்மர் போனால், ஆம்ப் வாங்கிய காசில் பெரும் பங்கு அதற்கே போய்விடும்.

முதலில் பின்பலகை. இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோ மாமாவோ ஊருக்கு வரும்போது தூக்கிக்கொண்டு வரும் ஆம்ப், இணையத்தில் "வெளிநாட்டு இறக்குமதி" என்று மலிவாகக் கிடைக்கும் பழைய ஆம்ப், இரண்டிலும் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பலகையில் அச்சடித்திருக்கும் வோல்டேஜ்தான். 120 வோல்ட் ஆம்பை நம் பிளக்கில் நேரடியாகப் போட்டால், யோகம் இருந்தால் ஃபியூஸோடு போகும். இல்லாவிட்டால் பவர் டிரான்ஸ்ஃபார்மர் கருகும், கூடவே வால்வும் கெபாசிட்டரும் போகும்.

ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். போடலாம். ஆனால் அது வோல்டேஜை மட்டும்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கென்று மட்டும் கட்டிய டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். சித்திரை வெயிலில், ஃபேன் மட்டும் ஓடும் மாடி அறையில், அந்தச் சூடு சின்ன விஷயம் இல்லை. சில ஆம்ப்களில் உள்ளேயே 120-க்கும் 230-க்கும் டிரான்ஸ்ஃபார்மரில் தனித்தனி டேப்பிங் (வயர் இணைக்கும் முனை) இருக்கும், வயரை மாற்றிச் சால்டர் செய்தால் போதும். அது வால்வு தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. இந்த இரண்டு வழியும் ஒத்துவராவிட்டால் அந்த ஆம்ப் எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது உங்கள் ஊர் வோல்டேஜ். கொங்கு நாட்டில் இதற்கென்று ஒரு தனி விஷயம் உண்டு. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓடும்போது ஒரு வோல்டேஜ், தறி நிற்கும்போது ஒரு வோல்டேஜ். தோட்டத்து லைனில் மோட்டார் ஓடும்போது இறங்கும், ராத்திரி ஏறும். பகலில் 210 காட்டும் மீட்டர் இரவு 255 காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். டிரான்சிஸ்டர் ஆம்ப் இதையெல்லாம் ஓரளவு தாங்கும். வால்வு அப்படித் தாங்காது. வால்வுக்குள் சிவப்பாக ஒளிரும் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வேண்டும், பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். 230-க்குக் கட்டிய ஆம்பில் 255 வந்தால் ஹீட்டருக்கு 7 வோல்ட் போகும், எல்லை தாண்டிவிடும். வால்வுக்குள் பிளேட் என்கிற தகட்டில் 320 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 355 நிற்கும். ஆம்ப் உடனே சாகாது, சத்தமும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வால்வுக்கு ஆயுள் சுருங்கும், கெபாசிட்டர் உப்பும். வாங்குவதற்கு முன் ஒரு வாரம் காலை, மாலை, ராத்திரி என்று மல்டிமீட்டரில் அளந்து எழுதி வையுங்கள். 245-க்கு மேல் அடிக்கடி போனால் நல்ல ஸ்டெபிலைசருக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள். டிவிக்குப் போடும் சாதாரண ரிலே ஸ்டெபிலைசர் வாசிப்புக்கு நடுவில் டக் டக்கென்று மாறும், அந்தத் தட்டல் ஸ்பீக்கரில் கேட்கலாம். வோல்டேஜைத் தாவித் தாவி மாற்றாமல் சீராக மாற்றும் சர்வோ வகை நல்லது, விலை கொஞ்சம் கூடும்.

இன்வெர்ட்டரில் போடலாமா என்று கேட்கிறவர்கள் பலர். ஸ்குவேர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் வேண்டாம். ஆம்ப் தேனீக்கூடாய் இரையும், டிரான்ஸ்ஃபார்மரும் சூடாகும். ப்யூர் சைன் வேவ் என்றால் சரி.

இனி எர்த். நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

கிட்டாரின் கம்பி, வயர் வழியாக ஆம்பின் இரும்புச் சட்டத்தோடு சேர்ந்திருக்கிறது. சட்டம் மூன்றாவது பின் வழியாக எர்த்தோடு சேர வேண்டும். அந்த எர்த் வேலை செய்யாத வீட்டில், ஆம்புக்குள் எங்காவது ஒரு வயர் இன்சுலேஷன் உரிந்து சட்டத்தைத் தொட்டால், 230 வோல்ட் நேராக உங்கள் விரலுக்கு வரும். கிட்டாரை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் போய் உதடு பட்டதும் சுரீரென்று அடிக்கிறது என்று சொல்பவர்களைக் கேட்டால், பெரும்பாலும் இதுதான் கதை. மைக் ஒரு எர்த்தில் இருக்கும், கிட்டார் ஆம்ப் எந்த எர்த்திலும் இருக்காது. நடுவில் இருப்பது ஆள். லேசாக அடிப்பதை "கொஞ்சம் லீக்கேஜ்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். லீக்கேஜ் எப்போது முழுக் கரண்ட் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சோமனூரில் இருந்து வந்த ஒரு தம்பி ஆம்பின் பிளக்கைக் காட்டினான். மேல் பின்னையே அறுத்து எடுத்திருந்தான்.

"எர்த்தை எடுத்துட்டா ஹம் போயிடுதுங்ணா, அதான்."

"கண்ணு, ஹம் போகும். அடுத்த தடவை ஷாக் அடிச்சா உன்னையும் சேர்த்துக் கொண்டுபோகும். மொதல்ல இந்தப் பிளக்கை மாத்தலாம்."

அவன் சொன்னது பொய் இல்லை. இரண்டு கருவிகள் இரண்டு வெவ்வேறு பிளக் பாயின்ட்டில் எர்த் ஆகும்போது, நடுவில் ஒரு சுற்று உண்டாகி ஹம் என்கிற அந்த 'ம்ம்' இரைச்சல் வரும். எர்த்தை அறுத்தால் அது நிற்கும். ஆனால் சரியான வழி, மேடையில் இருக்கும் ஆம்ப், பெடல், மிக்ஸர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் எடுப்பதுதான். சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள்) உள்ள கிட்டாரில் வரும் ஹம்மோ எர்த்தால் வருவது இல்லை. சுற்றி இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், டியூப் லைட்டின் காந்தப் புலத்தைப் பிக்கப் பிடிப்பதால் வருவது. நீங்கள் நிற்கும் திசையைத் திருப்பினால் குறையும்.

வீட்டு எர்த்தைப் பார்க்க எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நம் பக்கம் மண் வறண்டது. கோடையில் எர்த் குழி காய்ந்து போனால் குழாய் இருந்தும் பயன் இல்லை. பழைய வீடுகளில் கரியும் உப்பும் போட்ட குழிக்கு யாரும் வருடக்கணக்கில் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சந்தேகப்படுங்கள். அதற்குள் காட்டினாலும் எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் ஆகாது, எர்த் டெஸ்டரில்தான் அது தெரியும். லீக்கேஜ் வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று மெயின் போர்டில் இருக்கட்டும். ஆம்புக்கு இல்லாவிட்டாலும் வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்காகவாவது போட வேண்டியது அது.

சரி, இப்போது எந்த ஆம்ப்.

வாட்ஸைப் பார்த்து வாங்காதீர்கள். 15 வாட்ஸும் 30 வாட்ஸும் காதுக்கு 3 டெசிபல்தான் வித்தியாசம். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டும் என்றால் வாட்ஸ் பத்து மடங்கு வேண்டும். ஒரு வாட்ஸுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 97 டெசிபல் கொடுக்கும் ஸ்பீக்கர் என்று வைத்துக்கொள்வோம். 5 வாட்ஸில் அது 104, 15 வாட்ஸில் 109 தொடும். காந்திபுரத்து வரிசை வீடோ, சுவர் ஒட்டிய லைன் வீடோ, 5 வாட்ஸையே முழுக்கத் திறக்க முடியாது. வால்வு ஆம்பின் அழகு, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு திணறும் இடத்தில்தான் வருகிறது. அந்தத் திணறலுக்குக் கொண்டுபோகவே முடியாத 30 வாட்ஸ் வாங்கி வால்யூமை ஒன்றில் வைத்து வாசிப்பதில் என்ன லாபம்? வீட்டுக்கு 1 முதல் 5 வாட்ஸ், டிரம்மரோடு வாசிக்க 15. இதற்கு மேல் பெரும்பாலோருக்குத் தேவையே இல்லை. பெரிய மேடையில் ஆம்ப் முன்னால் மைக் வைத்து எடுத்துக்கொள்வார்கள்.

வாட்ஸைக் குறைக்கும் சுவிட்ச் இருப்பது பெரிய வசதி. புகேரா வி5-இல் 5, 1, 0.1 என்று மூன்று நிலை உண்டு. மார்ஷல் டிஎஸ்எல்5சிஆர்-இல் 5, 0.5. பிளாக்ஸ்டார் எச்டி-5-இன் இரண்டாம் பதிப்பிலும் 5, 0.5. வாக்ஸ் ஏசி4 நான்கு வாட்ஸ், 12 அங்குல ஸ்பீக்கரோடு ஒரு மாடல் உண்டு. ஸ்பீக்கர் அளவைக் கவனியுங்கள். 8 அங்குலத்தில் சத்தம் பெட்டிக்குள் அடைத்தது போல இருக்கும். அதே ஆம்பை வெளியே ஒரு 12 அங்குல கேபினட்டில் மாட்டினால் வேறு ஆம்ப் மாதிரி பேசும். கேபினட்டை 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் உங்கள் ஊர் ஆசாரியே செய்துகொடுப்பார், ஸ்பீக்கரை மட்டும் நல்லதாக வாங்குங்கள். ஆம்ப் 8 ஓம் என்றால் ஸ்பீக்கரும் 8 ஓம். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: ஸ்பீக்கர் வயர் கழன்ற நிலையில் வால்வு ஆம்பை ஓட்டக் கூடாது. கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டினால் என்ன ஆகுமோ அதுதான், இங்கே போவது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்.

வால்வு எண்ணையும் பாருங்கள். கிட்டார் சிக்னலை முதலில் பெருக்கும் முன்பகுதியில் 12ஏஎக்ஸ்7, இதையே ஈசிசி83 என்றும் சொல்வார்கள். பின்பகுதியில் பவர் வால்வாக இஎல்84 அல்லது 6வி6. இவை உலகம் முழுக்கப் புழங்குபவை, இன்றும் தயாராகின்றன. ஒரு காலத்தில் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த இஎல்84 பழைய ரேடியோக்காரர்களிடம் இன்னும் கிடைப்பதுண்டு. அதிகம் புழங்காத எண் உள்ள ஆம்ப் வாங்கினால் ஒரு வால்வுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். 2022-இல் ரஷ்யாவில் இருந்து வால்வு ஏற்றுமதிக்குத் தடை என்று செய்தி வந்ததும் விலை எப்படி ஏறியது என்று வாங்கியவர்களுக்குத் தெரியும்.

"டியூப்" என்று எழுதியிருப்பதெல்லாம் முழு வால்வு ஆம்ப் இல்லை. முன்பகுதியில் ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7, பின்னால் முழுக்க டிரான்சிஸ்டர் என்று செய்கிறார்கள். ஆரஞ்சு மைக்ரோ டெரர் அந்த வகை, அதை நிறுவனமே ஒளிக்காமல் சொல்கிறது. அந்த வகையும் நல்ல ஆம்ப்தான். முழு வால்வின் விலை கேட்டால்தான் ஏமாற்று. சிலது வால்வுக்கு அடியில் ஆரஞ்சு எல்இடி வைத்து மின்ன வைக்கிறது. கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "பவர் வால்வு எதுங்க?" பதில் வராவிட்டால் புரிந்துகொள்ளுங்கள். கையில் இருக்கும் பணம் முழு வால்வுக்குப் போதவில்லை என்றால் நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப் வாங்குங்கள் என்றுதான் என் தம்பியாக இருந்தாலும் சொல்வேன். மோசமான வால்வு ஆம்பைவிட அது எவ்வளவோ மேல்.

பழைய ஆம்ப் பார்க்கப் போனால் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் குனிந்து பவர் வால்வைப் பாருங்கள். நடுவில் ஹீட்டர் ஆரஞ்சுச் சிவப்பாக ஒளிர்வது சரி. கண்ணாடியின் உள்சுவரில் மெல்லிய நீலம் படிந்தாலும் பயம் இல்லை. வெளியே சாம்பல் நிறத்தில் இருக்கும் பிளேட் தகடே ஒரு பக்கம் செக்கச் சிவந்தால், உடனே ஆஃப் செய்யச் சொல்லுங்கள், பயாஸ் (வால்வில் ஓடும் கரண்டை அளவாக வைக்கும் அமைப்பு) கெட்டிருக்கிறது. சின்ன வால்வுகளைப் பென்சிலின் ரப்பர் முனையால் மெதுவாகத் தட்டுங்கள். டங்கென்று மணி போல ஸ்பீக்கரில் கேட்டால் அந்த வால்வை மாற்ற வேண்டும், விலையில் குறையுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் மேல் கருகிய வார்னிஷ் வாசம் வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். காற்றுத் துளைகளுக்குப் பின்னால் ஒரு வலை அடித்துக்கொள்ளுங்கள். வால்வின் சூட்டுக்கு ஒதுங்கி வரும் பல்லி சாக்கெட்டில் விழுந்து ஷார்ட் ஆன ஆம்ப் என் மேசைக்கு அடிக்கடி வரும். தோப்பு வீடுகளில் இருந்து வருவதில் இன்னும் அதிகம்.

எதுவானாலும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி ரொம்ப நேரம் ஆனாலும் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம், அது உயிரை எடுக்கும். ஈரோடு, கரூர், பொள்ளாச்சி என்று எந்த ஊரானாலும் வால்வு ரேடியோ காலத்து மெக்கானிக் ஒருவராவது இருப்பார். ஆம்ப் வாங்குவதற்கு முன்னாலேயே அவரைத் தேடிப் பிடியுங்கள், சர்க்யூட் படத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுங்கள். பவர் டிரான்ஸ்ஃபார்மர் போனால் நம்மூர் வைண்டிங் பட்டறையில் அப்படியே கட்டி வாங்கலாம், மோட்டாருக்குக் காயில் கட்டிப் பழகிய கை. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அப்படி இல்லை. பிரைமரியையும் செகண்டரியையும் அடுக்கு மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும், தெரியாமல் கட்டினால் மேல் சுரம் மங்கிவிடும். பட்டறையில் கொடுக்கும்போது பழையதைத் தூக்கிப் போடாமல் கூடவே கொடுங்கள். பிரித்துச் சுற்று எண்ணி, அடுக்கைப் பார்த்துக் கட்டச் சொல்லுங்கள்.