ஸ்லோ குக்கரில் ராஜ்மா: வெந்தது, ஆனால் கொதிக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் செய்த பையன் எடுத்த எடுப்பில் சொன்னது: "மேடம், வெளியில எதுவும் சாப்பிடல. வீட்டுல செஞ்ச ராஜ்மாதான்." டெக்சாஸுக்குப் படிக்க வந்து எட்டு மாதம் ஆகிறது. அறையில் இருக்கும் மூவருக்கும் சேர்த்து சில்லி செய்திருக்கிறான். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் மூவருக்கும் வாந்தி, அப்புறம் வயிற்றுப்போக்கு.

சில்லி என்பது இங்கே மாட்டிறைச்சியும் காய்ந்த மிளகாயும் போட்டுக் கொதிக்கவிடும் குழம்பு. 1977-ல் டெக்சாஸ் அதை மாநில உணவாகவே அறிவித்தது. அதில் பயறு போட்டால் அசல் டெக்சாஸ்காரர்கள் முகம் சுளிப்பார்கள். நம் சைவப் பிள்ளைகளோ இறைச்சிக்குப் பதில் ராஜ்மா போடுகிறார்கள். எனக்கும் அதுதான் பிடிக்கும்.

எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். ஊறவைத்த தண்ணீரோடு அப்படியே ஸ்லோ குக்கரில் (குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சாரப் பானை) கொட்டி, குறைந்த சூட்டில் ராத்திரி முழுக்க விட்டிருக்கிறான். "நல்லா மசிஞ்சுது மேடம், சிலது மட்டும் நறுக்குன்னு இருந்துச்சு."

சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. அதன் வீரியம் பச்சையாக இருக்கும்போது 20,000 முதல் 70,000 அலகு வரை. நன்றாகக் கொதித்து வெந்தபின் 200 முதல் 400 அலகுதான். நாலைந்து பச்சைக் கொட்டை போதும், படுக்க வைத்துவிடும். ஸ்லோ குக்கருக்குள் உணவின் சூடு பல நேரம் 75 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. அரைகுறைச் சூட்டில், 80 டிகிரி அளவில், இந்த நச்சு பச்சைக் கொட்டையில் இருப்பதைவிட ஐந்து மடங்கு வரை கூடிவிடலாம். விரலால் நசுக்கிப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், ஸ்லோ குக்கரைக் கண்டுபிடித்த இர்விங் நாக்சன் அதற்கு வைத்த பெயரே 'நாக்சன் பீனரி'. பீன்ஸ் கொட்டை வேகவைக்கத்தான் விற்றார்கள்!

ஊரில் இந்தத் தொல்லை நமக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் பிரஷர் குக்கர். உள்ளே சூடு 120 டிகிரியை நெருங்கும். இந்தப் பையனிடமும் அம்மா கொடுத்தனுப்பிய குக்கர் இருந்தது. விசில் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஏதாவது சொல்வாரோ என்று கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறான்.

ஸ்லோ குக்கர்தான் வேண்டும் என்றால், சரி. ராஜ்மாவைக் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீர் ஊற்றி, அடுப்பில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிட்டு, பிறகு ஸ்லோ குக்கரில் போடுங்கள். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, பயமில்லை.

இப்படி வரும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் மூன்று நான்கு மணி நேரத்தில் தானாகத் தெளிந்துவிடும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். குடித்த தண்ணீரும் தங்காவிட்டால், தலை சுற்றினால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் நச்சு உதவி மையத்தை 1-800-222-1222 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் கிடையாது. எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எதில் வேகவைத்தீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.