219 சீட்டில் 110

2022 ஜூலை 20 காலை, புதிய ஜனாதிபதியைத் தெரிவு செய்வதற்காகக் கூடிய இலங்கைப் பாராளுமன்றச் சபைக்குள் கைத்தொலைபேசிக்குத் தடை. போட்ட வாக்கைப் படமெடுத்து யாரும் யாருக்கும் காட்டிவிடக் கூடாதே! செயலாளர் நாயகம் பெயர்களைக் கூப்பிடக் கூப்பிட, உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து சீட்டை வாங்கி, மறைப்புக்குள் போய் இலக்கமிட்டு, மடித்துப் பெட்டியில் போட்டார்கள். சபாநாயகரும் போட்டார்.

இலங்கையில் ஜனாதிபதியை நேரடியாகத் தெரிவு செய்வது மக்கள்தான். பதவிக்காலம் முடியுமுன் அந்த இடம் வெற்றிடமானால் அரசியலமைப்பின் 40ஆம் உறுப்புரை முன்னுக்கு வருகிறது. ஒரு மாதத்துக்குள் பாராளுமன்றம் தன் உறுப்பினர்களில் ஒருவரையே தெரிவு செய்ய வேண்டும். அவர் ஆள்வதும் எஞ்சிய காலத்துக்கு மட்டுமே. 1993இல் ஜனாதிபதி பிரேமதாச கொல்லப்பட்டபோது டி.பி. விஜேதுங்க போட்டியின்றி வந்ததால் எண்ணுவதற்கு எதுவும் இருக்கவில்லை. கோட்டாபய ராஜபக்ஷ வெளிநாட்டிலிருந்து பதவி விலகிய பிறகுதான் இந்த முறை முதல்தடவையாகப் போட்டியைக் கண்டது.

சீட்டில் புள்ளடி கிடையாது. பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, பிறகு 3. செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் எடுத்தால்தான் வெற்றி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். செல்லுபடியானவை 219, தேவை 110. முதலாமவருக்கு 100, இரண்டாமவருக்கு 80, மூன்றாமவருக்கு 39 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரும் எட்டவில்லை. கடைசியில் நிற்பவர் வெளியே. அவருடைய 39 சீட்டுகளையும் திரும்ப எடுத்து, 2 என்று எங்கே எழுதியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். 30 இரண்டாமவருக்கும் 9 முதலாமவருக்கும் போனால், 110க்கு 109. பின்னால் நின்றவர் ஜனாதிபதி!

'செல்லுபடியான' என்ற சொல்லைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். 225 பேரும் சரியாக வாக்களித்தால் தேவைப்படுவது 113. அன்று தமிழ்த் தேசிய மக்கள் முன்னணியின் இருவர் வாக்களிக்கவில்லை, 4 சீட்டுகள் நிராகரிக்கப்பட்டன. எல்லை 110க்கு இறங்கிவிட்டது. வாக்களிக்காமல் விலகி நிற்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்தே போகிறது.

அன்றைய முடிவுக்கு இரண்டாம் சுற்றுத் தேவைப்படவில்லை. ரணில் விக்கிரமசிங்க 134, டலஸ் அழகப்பெரும 82, அநுர குமார திசாநாயக்க 3. ரணிலின் கட்சிக்கு அந்தச் சபையில் இருந்தது அவருடைய தேசியப் பட்டியல் ஆசனம் ஒன்றுதான். மக்களிடம் நேரே கேட்டு 1999இலும் 2005இலும் தோற்றவர் அவர். கட்சி சிறிதென்றாலும் மற்றக் கட்சி உறுப்பினர்களின் கை சேர்ந்தால் போதும் என்பதே மறைமுகத் தெரிவின் இயல்பு.

மக்கள் வாக்களிக்கும் நாள் 2024 செப்டெம்பர் 21இல் வந்தது. ரணில் மூன்றாம் இடம். பாராளுமன்றத்தில் 3 வாக்கு எடுத்த அநுரவுக்குச் சுமார் 56 இலட்சம். ஆனாலும் அது பாதியைத் தாண்டவில்லை. மக்கள் போடும் சீட்டிலும் 2, 3 என்று இலக்கமிடலாம். 2022இல் பாராளுமன்றத்துக்குத் தேவைப்படாத அந்த விருப்பு வாக்கு எண்ணிக்கை, இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல் வரலாற்றில் முதல்முறையாக இந்தத் தேர்தலில் நடந்தது.